அந்தமான் ட்ரிப்புக்கு எவ்வளவு ஆகும்? டிக்கெட் விலையை மட்டும் பார்த்தா கணக்கு தப்பும்!

"ப்ரோ, அந்தமான் போகணும், 40,000 போதுமா?" நம்ம வீடியோக்களுக்குக் கீழ அடிக்கடி வர்ற கேள்வி இது. போதும்னும் சொல்லலாம், போதாதுன்னும் சொல்லலாம். எல்லாம் திட்டப்படி நடந்தா 45,000-க்குள்ள முடிச்சிடலாம். நடக்கலைன்னா? அந்த "நடக்கலைன்னா"-வுக்கு எவ்வளவு ஒதுக்கணும்ங்கிறது தான் தீவுப் பயணத்தோட உண்மையான பட்ஜெட். வீடியோவுல இதை முழுசா சொல்ல நேரம் கிடைக்கல. அதனால எண்களோட இங்க எழுதறேன்.

முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

2018-ல நான் கட்டின ஃபைன்

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஆகஸ்ட் மாசம். விமான டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு நானும் ரெண்டு நண்பர்களும் துள்ளிக் குதிச்சு புக் பண்ணினோம். ஏன் அந்த மாசம் மட்டும் இவ்வளவு மலிவு, அப்படின்னு மூணு பேர்ல ஒருத்தரும் யோசிக்கல. கையில காசு இல்ல, அதனால ஒரு ஆப்ல லோன் போட்டேன்.

கடைசி ரெண்டு ராத்திரி ஹேவ்லாக் தீவுல தங்கிட்டு, கிளம்புற நாள் காலையில ஃபெர்ரி பிடிச்சு போர்ட் பிளேர் வந்து, மதியம் ஃப்ளைட் ஏறுறதா பிளான். பேப்பர்ல பார்க்க அருமையா இருந்துச்சு. அன்னைக்கு காலையில ஜெட்டிக்குப் போனா, "கடல் சரியில்ல, இன்னைக்கு போட் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. மறுநாளும் இல்ல.

ஃபெர்ரி டிக்கெட் காசு திரும்ப வந்துடுச்சு. ஆனா ஃப்ளைட்? அது சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போயிடுச்சு, நாங்க தான் அதுல இல்ல. புது டிக்கெட், ரெண்டு நாள் கூடுதல் ரூம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து என் பங்கு 18,000 ரூபாய். கிரெடிட் கார்டுல தேய்ச்சேன்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. யாருமே தப்பு பண்ணல. கடல் மோசமா இருக்கும்போது போட்டை நிறுத்தினது சரி. ஃப்ளைட் நேரத்துக்குப் போனதும் சரி. யார்கிட்டயும் சண்டை போட முடியாது. ஆனா பில் மட்டும் நம்ம பேருக்கு வரும். இதைத் தான் தீவுப் பயணத்தோட ரிஸ்க்னு சொல்றேன்.

அந்த 18,000-க்கு மாசம் 3.5% வட்டி, அதாவது 630 ரூபாய். வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 113 ரூபாய். முதல் மாசம் மட்டும் 743. லோன் இஎம்ஐ ஒரு பக்கம் ஓடினதால கார்டுக்கு மாசம் 2,500 தான் கட்ட முடிஞ்சுது. முடிக்க 9 மாசம் ஆச்சு. வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் சுமார் 3,800 ரூபாய். அந்த தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன வாஷிங் மெஷின், அடுத்த வருஷம் ஆடித் தள்ளுபடியில தான் வீட்டுக்கு வந்துச்சு.

இது எனக்கு மட்டும் நடந்ததா?

இல்ல. 2016 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? சென்னைக்காரங்களுக்கு அந்த மாசம்னா வர்தா புயல். டிசம்பர் 12-ம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்ட அதே புயல் சின்னம், அதுக்கு முன்னாடி வாரம் அந்தமான் பக்கம் தான் உருவாகிட்டு இருந்துச்சு. அப்போ ஹேவ்லாக், நீல் தீவுகள்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் பல நாள் மாட்டிக்கிட்டாங்க. கடைசியில கடற்படைக் கப்பல்கள் போய் தான் அவங்களைக் கூட்டிட்டு வந்துச்சு. பணமதிப்பு நீக்கம் அறிவிச்சு ஒரு மாசம் கூட முழுசா ஆகாத நேரம் வேற.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அந்தமான்-நிக்கோபார்ங்கிறது ஒரு ஊர் இல்ல, வங்காள விரிகுடாவுல வடக்கு-தெற்கா நீண்டு கிடக்கிற நூற்றுக்கணக்கான தீவுகளோட வரிசை. சென்னையில இருந்து போர்ட் பிளேர் வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகிற ஃப்ளைட். ஆனா இன்ஸ்டாவுல நீங்க பார்க்கிற நீலத் தண்ணி பெரும்பாலும் ஹேவ்லாக், நீல் தீவுகள்ல இருக்கு. அங்க போக ஃபெர்ரியை விட்டா சாதாரணப் பயணிக்கு வேற வழி கிடையாது. ஊட்டியில பஸ் நின்னா டாக்ஸி பிடிக்கலாம். தீவுல போட் நின்னா, அவ்வளவு தான், உட்கார வேண்டியது தான்.

(புக்கிங் பண்ணும்போது குழப்பிக்காதீங்க. 2018 டிசம்பர்ல ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப்னும் நீலுக்கு ஷாஹீத் த்வீப்னும் பெயர் மாத்தினாங்க. 2024 செப்டம்பர்ல போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆச்சு. பழைய பெயர் தான் இன்னும் நிறைய பேருக்குப் பழக்கம்ங்கிறதால அதையே எழுதறேன்.)

சரி, ஒரு பட்ஜெட் போடுவோம்

சென்னையில இருந்து ரெண்டு பேர் சேர்ந்து போறீங்க, 6 ராத்திரி, 7 நாள். ஒருத்தருக்கான செலவு இது. எடுத்துக்காட்டு எண்கள் தான், நீங்க போற தேதிக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குங்க.

- விமானம், போக வர: ரூ.14,000
- தங்குறது (3,000 ரூபாய் ரூம்ல பாதி × 6): ரூ.9,000
- ஃபெர்ரி, மூணு பயணம்: ரூ.4,500
- சாப்பாடு (800 × 7): ரூ.5,600
- ஆட்டோ, டாக்ஸி, வாடகை ஸ்கூட்டர்: ரூ.5,000
- ஸ்கூபா அல்லது ஸ்நார்க்கலிங்: ரூ.5,000
- நுழைவுக் கட்டணம், இன்சூரன்ஸ், சில்லறைச் செலவு: ரூ.1,900

மொத்தம் ரூ.45,000. பெரும்பாலானவங்க இங்கயே நிறுத்திடுவாங்க. நான் இன்னொரு வரி சேர்க்கிறேன்.

- கடலுக்கான பஃபர்: ரூ.15,000

ஆக ரூ.60,000. அந்த 15,000 எதுக்கு? கடைசி நேரத்துல ஒரு விமான டிக்கெட், ரெண்டு ராத்திரி ரூம், சாப்பாடு. 2018-ல எனக்கு ஆன செலவும் கிட்டத்தட்ட இவ்வளவு தான். ஒண்ணும் நடக்கலைன்னா அந்தப் பணம் அப்படியே உங்க அக்கவுண்ட்டுக்குத் திரும்பிடும்.

இன்னொண்ணு, இது உங்க எமர்ஜென்சி ஃபண்ட் கிடையாது. வேலை போனா வீட்டு வாடகை கட்ட வச்சிருக்கிற பணத்தை, போட் நின்னதுக்கு எடுக்கக் கூடாது. ரெண்டும் தனித்தனி.

பைசா செலவில்லாத பஃபர்: பயண வரிசையை மாத்துங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்குங்க. தூரத் தீவுகளை முதல்ல முடிங்க. கடைசி ஒரு முழு நாளை போர்ட் பிளேருக்கு விடுங்க.

போர்ட் பிளேர்ல இறங்கின உடனே எல்லாரும் செல்லுலார் ஜெயிலையும் ராஸ் தீவையும் முதல்ல பார்த்துட்டு, பீச்சை "கடைசியில ரிலாக்ஸ்டா பார்த்துக்கலாம்"னு வைப்பாங்க. நாங்களும் அதைத் தான் பண்ணினோம். தலைகீழா மாத்துங்க. முதல் நாள் போர்ட் பிளேர்ல தூக்கம், மறுநாள் ஹேவ்லாக், அப்புறம் நீல், அங்கிருந்து திரும்ப போர்ட் பிளேர், ஒரு முழு நாள் ஊர் சுத்திட்டு மறுநாள் ஃப்ளைட். நடுவுல ஒரு நாள் போட் நின்னாலும் உங்களுக்குப் போகப் போறது ஜெயில் பார்க்கிற நாள் தான், ஃப்ளைட் இல்ல.

ஸ்கூபா பண்றவங்களுக்கு இதுல இன்னொரு நன்மையும் இருக்கு. டைவ் பண்ணின உடனே விமானம் ஏறுறது உடம்புக்கு ஆபத்து. நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம், முடிஞ்சா 24 மணி நேரம் இடைவெளி விடணும். ஸ்கூபா முன்னாடியே முடிஞ்சுட்டா இந்தக் கவலையே இல்ல.

மலிவான மாசம் உண்மையிலேயே மலிவா?

தென்மேற்குப் பருவமழை நாட்டுல முதல்ல தொடுற இடங்கள்ல அந்தமான் ஒண்ணு. மே மாசம் நடுவுலயே ஆரம்பிச்சுடும். செப்டம்பர் வரைக்கும் மழையும் காற்றும். அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடாவுல புயல் உருவாகுற காலம். டிசம்பர் கடைசியில விடுமுறைக் கூட்டத்தால எல்லாமே விலை ஏறும். ஜனவரி பாதியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் கடல் பொதுவா அமைதியா இருக்கும்.

ஆகஸ்ட்ல டிக்கெட் 6,000 ரூபாய் குறைவா கிடைச்சா, அது தள்ளுபடி இல்ல. உங்க தலையில ஏத்தின ரிஸ்க்குக்கான விலை. அந்த ரிஸ்க்கைத் தாங்க பஃபரும் லீவும் இருந்தா தாராளமா போங்க. இல்லாதவங்களுக்கு அது மலிவு இல்ல.

கப்பல்ல போனா மிச்சமா?

சென்னையில இருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் உண்டு. பங்க் வகுப்புக் கட்டணம் விமானத்தை விட நல்லாவே குறைவு. ஆனா ஒரு பக்கம் போகவே கிட்டத்தட்ட மூணு நாள். மாசத்துக்குச் சில தடவை தான் புறப்படும், தேதியும் மாறலாம்.

மாசம் 40,000 சம்பளம், 22 வேலை நாள்னு வைங்க. உங்க ஒரு நாளோட மதிப்பு சுமார் 1,818 ரூபாய். போக வர 6 நாள்னா சுமார் 10,900 ரூபாய். சம்பளம் இல்லாத லீவா ஆச்சுன்னா இது நேரடியா கையை விட்டுப் போற காசு. லீவும் ஒரு கரன்சி தான், அதையும் பட்ஜெட்ல எழுதுங்க. வேலை மாறுறதுக்கு நடுவுல மூணு வாரம் கிடைச்சவங்களுக்குக் கப்பல் அருமையான அனுபவம். அஞ்சு நாள் லீவுக்கு மேனேஜர்கிட்ட கெஞ்சினவங்களுக்கு இல்ல.

லோன் போடலாமா? ஆர்டி போடலாமா?

அதே 60,000. ரெண்டு வழி.

வழி 1, முதல்ல ட்ரிப், அப்புறம் இஎம்ஐ: 18% வட்டியில 12 மாச பர்சனல் லோன். இஎம்ஐ சுமார் 5,501. மொத்தம் கட்டுறது சுமார் 66,010. ப்ராசசிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 1,416. ஆக சுமார் 67,430 ரூபாய்.

வழி 2, முதல்ல சேமிப்பு, அப்புறம் ட்ரிப்: மாசம் 5,000 ஆர்டி, 12 மாசம். 6.5% வட்டின்னா, கட்டின 60,000-க்கு மேல சுமார் 2,100 ரூபாய் வரும். (இந்த வட்டிக்கு வரி உண்டு.)

மாசம் கையை விட்டுப் போறது ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணு தான். முடிவுல வித்தியாசம் சுமார் 9,500 ரூபாய். அந்தமான்ல ஸ்கூபாவும் பண்ணி, மூணு ஃபெர்ரி டிக்கெட்டும் எடுக்கிற காசு அது.

காசு வித்தியாசத்தை விட முக்கியமான ஒண்ணு இருக்கு. லோன்ல போறவங்ககிட்ட பஃபர் இருக்காது. இருந்தா லோனே போட்டிருக்க மாட்டாங்க. அதனால போட் நின்ன அன்னைக்கு அவங்களுக்கு ரெண்டாவது கடனும் வரும். எனக்கு வந்தது அப்படித் தான்.

"நோ காஸ்ட் இஎம்ஐ தானே ப்ரோ?"ன்னு கேட்பீங்க. ப்ராசசிங் ஃபீஸ் இருக்கா, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி போடறாங்களா, மொத்தமா கட்டினா கிடைச்சிருக்கிற தள்ளுபடி போயிடுதா, இந்த மூணையும் கூட்டிப் பாருங்க. அப்புறம் அது நோ காஸ்ட்டான்னு நீங்களே சொல்லுங்க.

பிப்ரவரி ட்ரிப்னா, முந்தின நவம்பர்ல முடியற மாதிரி ஆர்டி ஆரம்பிங்க. சம்பளம் வந்த மறுநாளே கழியற மாதிரி தேதி வைங்க. ஆர்டி முடிஞ்சு பணம் கையில வந்த பிறகு டிக்கெட் போடுங்க. ஒரு வருஷத்துல தேவைப்படுற பணத்தை ஈக்விட்டி ஃபண்ட்ல போடாதீங்க. கடலும் ஏறி இறங்கி, மார்க்கெட்டும் ஏறி இறங்கினா தாங்காது.

எல்டிஏ இருக்கே, அதை விடுவானேன்?

உங்க சிடிசில எல்டிஏ இருக்கான்னு பாருங்க. இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும் தான் இந்த வரிவிலக்கு. மாலத்தீவுக்குக் கிடைக்காது, அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் கிடைக்கும்.

- நாலு காலண்டர் வருஷத்துக்கு ஒரு பிளாக். 2022-25 முடிஞ்சு, இப்போ 2026-29. ஒரு பிளாக்ல ரெண்டு பயணம்.
- பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூம், சாப்பாடு, ஸ்கூபா சேராது.
- விமானம்னா எகானமி கிளாஸ் கட்டணம் தான் உச்ச வரம்பு.
- நீங்க உண்மையிலேயே லீவு போட்டுப் போயிருக்கணும். டிக்கெட், போர்டிங் பாஸை பத்திரமா வச்சுக்குங்க.
- பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்.

கடைசிப் பாயிண்ட்ல நிறைய பேர் தடுமாறுவாங்க. 20% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு 14,000 ரூபாய் டிக்கெட்ல மிச்சமாகிறது, செஸ் சேர்த்து, சுமார் 2,900 ரூபாய். இதுக்காக மட்டும் புது முறையை விட்டுப் பழைய முறைக்கு வராதீங்க. 12.75 லட்சம் வரை சம்பளம் மட்டும் வாங்குறவருக்குப் புது முறையில வரியே இல்லாத நிலையில, 2,900-க்காக மாறுறது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை. ஏற்கனவே பழைய முறையில இருந்தா மட்டும் மறக்காம க்ளெய்ம் பண்ணுங்க.

இன்சூரன்ஸ் வாங்கும்போது மூணு கேள்வி

உள்நாட்டுப் பயண இன்சூரன்ஸ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பாலிசியில இதைத் தேடுங்க:

1. விமானம், ரயில் மட்டும் தானா, ஃபெர்ரி ரத்தானதால ஃப்ளைட்டை விட்டாலும் கவர் ஆகுமா?
2. ஸ்கூபா போன்ற சாகச விளையாட்டுல அடிபட்டா பணம் வருமா, விலக்கு வச்சிருக்காங்களா?
3. சிகிச்சைக்காக வேற ஊருக்கு விமானத்துல கொண்டு போற செலவு இருக்கா?

மூணாவது கேள்வி அந்தமான்ல ரொம்ப முக்கியம். பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேர்ல இருக்கு. தீவிரமான கேஸ்னா சென்னைக்குத் தான் அனுப்புவாங்க. அந்தச் செலவு உங்க 15,000 பஃபருக்குள்ள அடங்காது.

கிளம்புறதுக்கு முன்னாடி சின்னச் சின்ன விஷயங்கள்

பணமா கொஞ்சம் கொண்டு போங்க. 2020 ஆகஸ்ட்ல சென்னை-அந்தமான் கடலடி ஃபைபர் கேபிள் வந்த பிறகு நெட் நல்லா முன்னேறியிருக்கு. இருந்தாலும் சின்னத் தீவுகள்ல யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கும், ஏடிஎம்மும் குறைவு.

காலையில சீக்கிரம் எழுந்திருங்க. தீவுகள் ரொம்ப கிழக்கே இருந்தாலும் நம்ம கடிகார நேரம் தான். அதனால குளிர்காலத்துல சாயங்காலம் 5 மணி தாண்டி கொஞ்ச நேரத்துலயே இருட்டிடும். 10 மணிக்கு எழுந்தா ரூம் வாடகையில பாதி வேஸ்ட்.

பவளம், சிப்பி எதையும் கரையில இருந்து பொறுக்கி பையில போடாதீங்க. ஜாரவா பழங்குடியினர் வாழுற காட்டு வழியா டாக்ஸியில போனா போட்டோ எடுக்காதீங்க. சட்டப்படி குற்றம், தண்டனை ஜெயில் வரைக்கும் போகும். சட்டத்தை விடுங்க, அது அவங்க வீடு.

மொழிக் கவலை வேண்டாம். போர்ட் பிளேர்ல தமிழ் பேசுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

ரெண்டாவது தடவை என்ன ஆச்சு?

2023 பிப்ரவரியில திரும்பப் போனேன். ஆர்டி பணம், ஹேவ்லாக் முதல்ல, கடைசி நாள் போர்ட் பிளேர். ஒரு போட் கூட ரத்தாகல. கடல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. "பார்த்தியா, தேவையில்லாம 15,000 ரூபாயை முடக்கி வச்சிருந்த"ன்னு நண்பன் கிண்டல் பண்ணினான்.

முடங்கல. ஊருக்கு வந்தப்போ அதுல 13,000 அப்படியே அக்கவுண்ட்ல இருந்துச்சு. அடுத்த ட்ரிப் ஃபண்டுக்கு அது தான் முதல் தவணை. 2018-ல ஜெட்டியில உட்கார்ந்து கார்டு லிமிட் எவ்வளவு மிச்சம்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். 2023-ல அதே ஜெட்டியில உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். என்னைப் பொறுத்தவரை அந்த 15,000 வாங்கிக் கொடுத்தது இதைத் தான்.

உங்க ட்ரிப் பட்ஜெட்டை எடுத்து, கடைசி வரியில "பஃபர்"னு ஒண்ணு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இல்லைன்னா எவ்வளவு வைக்கப் போறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க.